குருவின் கட்டளையை மீறிய சீடர்

பல்லாவரத்துக்கு மேற்கே ஒரு குன்று இருக்கிறது. அதுதான் திருநீர்மலை.

அடிவாரத்தில் ஒரு கோயில். குன்றின் மேல் ஒரு கோயில். இங்கே பெருமாளை நான்கு கோலங்களில் தரிசிக்கலாம். கீழே நீர்வண்ணராக நிற்கிறார். மேலே நரசிம்மராக அமர்ந்திருக்கிறார். அரங்கநாதராகப் படுத்திருக்கிறார். உலகளந்த பெருமாளாக நடக்கிறார். நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என்று ஊரார் சொல்லி மகிழ்வார்கள்.

இந்த ஊருக்குத் திருநீர்மலை என்று பெயர் வந்ததற்கு ஒரு கதை உண்டு. திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது குன்றைச் சுற்றிலும் வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். மேலே ஏற வழியில்லை. ஆழ்வார் திரும்பிப் போகவில்லை. வெள்ளம் வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தாராம். வடிந்த பிறகு ஏறிப் பெருமாளைக் கண்டு பாடினாராம்.

அந்த ஆழ்வாருக்குப் பின்னால் ஒரு மகான் தோன்றினார். கடவுளுக்கும் மக்களுக்கும் நடுவே ஒரு பெரிய தடை நிற்பதை அவரும் கண்டார். ஆனால் அது வெள்ளம் அல்ல. பெரியவர்கள் போட்ட கட்டளை. வெள்ளம் ஆறு மாதத்தில் வடியும். கட்டளை தானாக வடியுமா? யாராவது ஒருவர் துணிந்து மீறினால்தான் உண்டு.

அந்தத் துணிவு கொண்டவர்தான் இராமானுஜர்.

பிறந்த மண்

திருநீர்மலையிலிருந்து நேர் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர் வரும். இன்று அது தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அமைதியான கிராமம். மரபுக் கணக்குப்படி 1017-ஆம் ஆண்டு, சித்திரை மாதம், திருவாதிரை நட்சத்திரத்தில் இராமானுஜர் அங்கே பிறந்தார்.

தந்தை பெயர் ஆசூரி கேசவ சோமயாஜி. தாய் காந்திமதி. நெடுநாள் பிள்ளை இல்லாதிருந்த இருவரும் திருவல்லிக்கேணிப் பெருமாளை வேண்டிப் பெற்ற செல்வம் அவர். தாய்மாமன் பெரிய திருமலை நம்பி குழந்தைக்கு இளையாழ்வார் என்று பெயர் சூட்டினார்.

பிள்ளை படிப்பில் கெட்டி. எதையும் ஒரு தடவை கேட்டால் போதும், மனத்தில் பதிந்துவிடும். பதினாறு வயதையொட்டித் தஞ்சம்மாள் என்ற பெண்ணோடு திருமணம் நடந்தது. சிறிது காலத்தில் தந்தை காலமானார். குடும்பம் காஞ்சிபுரத்துக்குக் குடிபெயர்ந்தது.

காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் யாதவப்பிரகாசர் என்ற பெரிய பண்டிதர் இருந்தார். வேதாந்தம் படிக்க வேண்டுமானால் அவரிடம்தான் போக வேண்டும் என்று ஊரே சொல்லும். இளையாழ்வார் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

அங்கேதான் முதல் சோதனை வந்தது.

எண்ணெயில் விழுந்த கண்ணீர்

ஒருநாள் இளையாழ்வார் குருவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். குரு ஒரு வேத வாக்கியத்துக்குப் பொருள் சொன்னார். கடவுளின் சிவந்த கண்ணை அவர் குரங்கின் பின்புறத்துக்கு ஒப்பிட்டார். கேட்ட மாணவருக்கு நெஞ்சு துடித்தது. அடக்க முடியாமல் கண்ணீர் பெருகியது. சூடான கண்ணீர் குருவின் உடம்பில் விழுந்தது.

ஏன் அழுகிறாய் என்று குரு கேட்டார். இளையாழ்வார் மறைக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு, கதிரவனால் மலர்ந்த தாமரை என்று பொருள் கொள்ளலாம் என்று பணிவோடு விளக்கினார்.

நல்ல ஆசிரியராக இருந்தால் மகிழ்ந்திருப்பார். யாதவப்பிரகாசருக்குக் கோபம் வந்தது. இப்படி மேலும் சில தடவை நடந்தது. கோபம் பகையாயிற்று. காசி யாத்திரைக்கு அழைத்துப் போய்க் கங்கையில் மாணவரைத் தொலைத்துவிடத் திட்டம் போட்டார்கள் என்று வரலாறு கூறுகிறது.

கூடப் படித்த சித்தி மகன் கோவிந்தன் இந்தச் சதியை அறிந்தார். வழியிலேயே அண்ணனை எச்சரித்தார். இளையாழ்வார் நள்ளிரவில் விந்திய மலைக் காட்டில் தனியாக விலகினார். ஒரு வேடனும் அவன் மனைவியும் வழிகாட்ட, காஞ்சிக்குத் திரும்பி வந்து சேர்ந்தார்.

பிற்காலத்தில் அதே யாதவப்பிரகாசர் தம் தவற்றை உணர்ந்து, தம் மாணவருக்கே சீடராக வந்தார் என்பது தனிக் கதை. இளையாழ்வார் அவரைப் பழிவாங்கவில்லை. அணைத்து ஏற்றுக்கொண்டார்.

பூந்தமல்லிப் பெரியவர்

திருநீர்மலைக்கு வடக்கே பூந்தமல்லி இருக்கிறது. அந்த ஊரில் பிறந்தவர் திருக்கச்சி நம்பி. காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு விசிறி வீசித் தொண்டு செய்தவர். பெருமாளோடு நேரில் பேசுவார் என்று மக்கள் நம்பினார்கள். ஆனால் அவர் அந்தணர் அல்லர். வைசிய குலத்தவர்.

இளையாழ்வாருக்குத் திருக்கச்சி நம்பியைக் குருவாகப் பெற ஆசை. நம்பி சம்மதிக்கவில்லை. குல வழக்கத்துக்கு அது பொருந்தாது என்று ஒதுங்கினார்.

இளையாழ்வார் விடவில்லை. ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வருமாறு அழைத்தார். அவர் உண்ட மிச்சத்தை உண்டால் தாம் அவர் சீடராகிவிடலாம் என்பது அவர் எண்ணம். நம்பிக்கு அந்த எண்ணம் புரிந்தது. இளையாழ்வார் வெளியே போயிருந்த நேரம் பார்த்து வந்தார். அவசர வேலை இருப்பதாகச் சொல்லிச் சாப்பிட்டுப் போய்விட்டார்.

தஞ்சம்மாள் இலையை எடுத்து எறிந்தார். இடத்தைக் கழுவினார். குளித்துவிட்டு மறுபடி சமைத்தார். திரும்பி வந்த கணவர் இதைக் கண்டு மனம் நொந்தார்.

தஞ்சம்மாள் கெட்டவர் அல்லர். பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தார். இது சரியா என்று அவர் கேட்டுப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் ஊரில் பெரும்பாலோர் அப்படித்தான் இருந்தார்கள். அவருடைய கணவர் மட்டும் கேட்டுப் பார்த்தார்.

பின்னர் மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலில், மகிழ மரத்தடியில், பெரிய நம்பி என்ற ஆசாரியரிடம் அவர் முறைப்படி சீடரானார். பெரிய நம்பியும் அவர் மனைவியும் காஞ்சியில் இளையாழ்வார் வீட்டிலேயே தங்கினார்கள். ஒருநாள் கிணற்றடியில் தண்ணீர்க் குடத்தை வைத்து இரு வீட்டுப் பெண்களுக்கும் தகராறு வந்தது. இதிலும் குலப் பெருமைதான் தலைதூக்கியது. பெரிய நம்பி சொல்லிக்கொள்ளாமல் குடும்பத்தோடு ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டார்.

இளையாழ்வார் தாங்க முடியாமல் இல்லறத்தை விட்டார். துறவியானார். அதன் பிறகு இராமானுஜ முனிவர் ஆனார். தஞ்சம்மாள் பிறந்த வீட்டுக்குப் போனார். மகானின் புகழைப் பேசும்போது, அந்தப் பெண் பட்ட துயரத்தையும் நினைக்கத்தான் வேண்டும்.

பதினெட்டு நடை

இராமானுஜர் ஸ்ரீரங்கத்துக்கு வந்தார். கோயிலும் மடமும் அவர் பொறுப்பில் வந்தன. பெயரும் புகழும் பெருகின. ஆனாலும் அவருக்குக் கற்கும் ஆசை தீரவில்லை.

பெரிய நம்பி அவருக்கு ஒரு வழி சொன்னார். திருக்கோஷ்டியூரில் ஒரு நம்பி இருக்கிறார், எட்டெழுத்து மந்திரத்தின் ஆழ்ந்த பொருள் அவரிடம் இருக்கிறது, போய்க் கேட்டுத் தெரிந்துகொள் என்றார்.

திருக்கோஷ்டியூர் இன்றைய சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பஸ் இல்லாத காலம். ரயில் இல்லாத காலம். இராமானுஜர் நடந்தே போனார்.

நம்பி சொல்லித் தரவில்லை. பிறகு வா என்று அனுப்பிவிட்டார்.

இராமானுஜர் திரும்பி நடந்தார். மறுபடி போனார். மறுபடியும் அதே பதில். இப்படி ஒரு தடவை அல்ல, இரு தடவை அல்ல, பதினெட்டுத் தடவை! போக 100 கிலோமீட்டர், வர 100 கிலோமீட்டர். கூட்டிப் பாருங்கள். மூவாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

கடைசியில் நம்பியின் மனம் இளகியது. தண்டும் பவித்திரமுமாகத் தனியே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். தண்டு என்பது துறவியின் கைக்கோல். பவித்திரம் என்பது விரலில் அணியும் தருப்பை மோதிரம்.

இராமானுஜர் வந்தார். கூடவே இரண்டு சீடர்கள் வந்தார்கள். ஒருவர் முதலியாண்டான். மற்றவர் கூரத்தாழ்வான்.

தனியே வரச் சொன்னேனே என்று நம்பி கேட்டார். இவர்கள்தான் என் தண்டும் பவித்திரமும் என்று இராமானுஜர் பதில் சொன்னார்.

இந்தச் சின்னச் செய்தியிலேயே அவருடைய குணம் தெரிகிறது. தமக்குக் கிடைக்கும் நல்லதைத் தனியாக வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியவே இல்லை.

நம்பி ஒப்புக்கொண்டார். மந்திரத்தின் பொருளைச் சொன்னார். ஆனால் கடுமையான ஒரு கட்டளையும் போட்டார். இந்த மூவரைத் தவிர வேறு யாருக்கும் இதைச் சொல்லக்கூடாது. சொன்னால் நரகம்தான் கிடைக்கும் என்று எச்சரித்தார்.

கோயிலில் ஒலித்த குரல்

அன்று இரவு இராமானுஜருக்கு உறக்கம் வந்திருக்குமா?

நரகம் என்பது அந்தக் காலத்து மக்களுக்கு வெறும் பேச்சு அல்ல. நெருப்பைத் தொட்டால் சுடும் என்பது எவ்வளவு நிச்சயமோ, குருவின் ஆணையை மீறினால் நரகம் என்பதும் அவர்களுக்கு அவ்வளவு நிச்சயம். இராமானுஜரும் அதை நம்பியவர்தான். நம்பாத ஒருவர் மீறியிருந்தால் அதில் பெருமை இல்லை. அவர் நம்பினார். நம்பிக்கொண்டே மீறினார்.

திருக்கோஷ்டியூரில் அப்போது திருவிழாக் கூட்டம் என்று சொல்வார்கள். இராமானுஜர் கோயிலின் உயரமான இடத்துக்கு ஏறினார். வாருங்கள் என்று எல்லோரையும் கூவி அழைத்தார். ஆசையுள்ளவர்கள் எல்லோரும் கேளுங்கள் என்றார். பதினெட்டுத் தடவை நடந்து தாம் பெற்ற செல்வத்தை, ஒரு நடை கூட நடக்காதவர்களுக்கு வாரிக் கொடுத்துவிட்டார்!

அவர் எந்த இடத்தில் நின்று சொன்னார், எத்தனை பேருக்குச் சொன்னார் என்பதில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. ஆனால் குருவின் கட்டளையை மீறிச் சொன்னார் என்பதில் எல்லாம் ஒன்றுபடுகின்றன.

செய்தி நம்பியின் காதுக்குப் போனது. அவர் கொதித்தெழுந்தார். சீடரை வரவழைத்தார். குருவின் சொல்லை மீறினால் என்ன தண்டனை என்று கேட்டார்.

நரகம் என்று இராமானுஜர் சொன்னார்.

தெரிந்துமா செய்தாய் என்று குரு கேட்டார்.

தெரிந்தே செய்தேன் என்றார் சீடர். நரகத்துக்குப் போவது நான் ஒருவன். நற்கதி பெறுவது இத்தனை பேர். அதனால் எனக்கு அந்த நரகம் சம்மதமே என்று கைகூப்பி நின்றார்.

நம்பி அசந்துபோனார். கோபம் போன இடம் தெரியவில்லை. இவ்வளவு பரந்த மனம் தமக்கு வரவில்லையே என்று உருகினார். சீடரைக் கட்டித் தழுவினார். எம்பெருமானார் என்று பட்டம் சூட்டி அழைத்தார். இனி இந்தச் சமயத்துக்கே எம்பெருமானார் தரிசனம் என்று பெயர் வழங்கட்டும் என்றார்.

எம்பெருமான் என்றால் கடவுள். கடவுளையும் மிஞ்சிய கருணை உடையவர் என்று குருவே ஒப்புக்கொண்டார்.

அடக்கமான மீறல்

பெரியவர்களின் சொல்லை மீறுகிறவர்கள் எல்லோரும் இராமானுஜர் ஆகிவிட முடியாது. அவர் எப்படி மீறினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, தம் சொந்த லாபத்துக்காக மீறவில்லை. பிறருக்கு நன்மை கிடைக்க வேண்டும் என்று மீறினார். நஷ்டம் முழுவதும் தமக்கே என்று வைத்துக்கொண்டார்.

இரண்டாவது, ஒளிந்து செய்யவில்லை. நாலு பேருக்கு ரகசியமாகச் சொல்லிவிட்டுக் குருவின் முன்னால் நல்ல பிள்ளையாக நின்றிருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஊர் அறியச் சொன்னார்.

மூன்றாவது, தண்டனைக்குப் பயந்து ஓடவில்லை. கூப்பிட்டதும் வந்து நின்றார். செய்ததை ஒப்புக்கொண்டார்.

நான்காவது, குருவை ஒரு சொல்லும் இழிவாகப் பேசவில்லை. கட்டளையைத்தான் மறுத்தார். கட்டளை இட்டவரை மறுக்கவில்லை.

இந்தக் கடைசிச் செய்திக்குச் சாட்சியாக இன்னொரு கதை இருக்கிறது.

விஷச் சோறு

ஸ்ரீரங்கம் கோயிலில் இராமானுஜர் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தினார். பலருக்கும் கோயில் தொண்டில் பங்கு கொடுத்தார். இதுவரை ஆதாயம் அடைந்துவந்த சிலருக்கு இது பிடிக்கவில்லை.

துறவியான இராமானுஜர் ஏழு வீடுகளில் பிச்சை எடுத்து உண்பது வழக்கம். பகை கொண்ட ஒருவர், தம் மனைவியைக் கூப்பிட்டார். பிச்சைச் சோற்றில் விஷம் கலந்து போடு என்று உத்தரவிட்டார்.

அந்த அம்மாள் என்ன செய்வார்? கணவர் சொல்லைத் தட்டக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண். எதிரே நிற்பவரோ மாசற்ற துறவி. சோற்றைக் கையில் எடுத்து வந்தார். கை நடுங்கியது. கண்ணில் நீர் பெருகியது. சோற்றைத் தனியாக ஒதுக்கிப் போட்டுவிட்டு, வழக்கத்துக்கு மாறாக அவர் காலில் விழுந்தார். வாய் திறந்து ஒரு சொல் பேசவில்லை.

இராமானுஜருக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சோற்றை உண்ணவில்லை.

அந்த அம்மாளின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் ஓர் அநியாய உத்தரவை, கோபுரத்தில் ஏறித்தான் மறுக்க வேண்டும் என்பதில்லை; கண்ணீராலும் மறுக்கலாம் என்று காட்டியவர் அவர்.

தம்மைக் கொல்லும் அளவுக்கு ஒருவர் மனத்தில் பகை வளர்ந்துவிட்டதே என்று இராமானுஜர் வருந்தினார். உணவை விட்டார். பட்டினி கிடந்தார். செய்தி திருக்கோஷ்டியூருக்குப் போனது. எந்தக் குருவின் ஆணையை மீறினாரோ, அதே நம்பி முதிர்ந்த வயதில் பதறிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு ஓடி வந்தார்.

நடுப்பகல். காவிரி மணல் அனலாகக் கொதித்தது. குரு வருகிறார் என்று கேட்டதும் இராமானுஜர் ஓடினார். கொதிக்கும் மணலில் அப்படியே விழுந்து வணங்கினார். எழுந்திரு என்று குரு சொல்லவேண்டும். அதுதான் முறை. நம்பி பேசாமல் நின்றார். இராமானுஜர் மணலிலேயே கிடந்தார். உடம்பு வெந்தது.

கூட இருந்த கிடாம்பி ஆச்சான் என்ற சீடருக்குப் பொறுக்கவில்லை. குரு உத்தரவு கொடுக்கும்வரை காத்திருக்கவில்லை. இது என்ன கொடுமை என்று நம்பியையே கேட்டுவிட்டு, இராமானுஜரைத் தூக்கி எடுத்தார்.

நம்பியின் முகம் மலர்ந்தது. இப்படி ஓர் ஆளைத்தான் தேடினேன் என்றார். இராமானுஜரின் உயிர்மேல் இவ்வளவு பரிவு உள்ளவர் கையால்தான் இனி அவர் உண்ண வேண்டும் என்று, சமையல் பொறுப்பை ஆச்சானிடமே ஒப்படைத்தார்.

பாருங்கள்! தன்னை மீறியவரைத் தேடி வந்த குரு. தாம் மீறிய குருவின் காலில் சுடு மணலில் விழுந்த சீடர். இருவரும் பெரியவர்கள்.

தோள் கொடுத்தவர்

இராமானுஜர் முதுமையில் காவிரிக்குக் குளிக்கப் போவார். போகும்போது அந்தணரான முதலியாண்டானின் கையைப் பிடித்துக்கொள்வார். குளித்துவிட்டு வரும்போது பிள்ளை உறங்காவில்லி தாசரின் கையைப் பிடித்துக்கொள்வார். உறங்காவில்லி தாசர் உறையூரைச் சேர்ந்த மல்லர். தாழ்ந்தது என்று பிறர் சொன்ன குலத்தில் பிறந்தவர்.

குளித்த பிறகு அவரைத் தொடலாமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். இராமானுஜர் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. குலம், படிப்பு, செல்வம் என்ற செருக்கு இல்லாதவரைத் தொட்டால் தமக்குத்தான் தூய்மை என்று விளக்கினார்.

அவருடைய குருவான பெரிய நம்பியும் இப்படித்தான். மாறனேர் நம்பி என்ற பக்தர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவர் இறந்தபோது பெரிய நம்பி தம் கையாலேயே ஈமக்கடன் செய்தார். ஊரார் கொதித்தார்கள். அவரைத் தள்ளி வைத்தார்கள். சடாயு என்ற பறவைக்கு இராமபிரான் கடன் செய்யவில்லையா, நான் இராமரைவிட உயர்ந்தவனா, மாறனேர் நம்பி சடாயுவைவிடத் தாழ்ந்தவரா என்று பெரிய நம்பி கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

கண் கொடுத்த கூரத்தாழ்வான்

பின்னர் ஒரு பெருந்துன்பம் வந்தது. சைவப் பற்று மிகுந்த சோழ மன்னன் ஒருவன், சிவனுக்கு மேல் தெய்வம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுமாறு இராமானுஜரை அழைத்தான் என்று நூல்கள் சொல்கின்றன. கூரத்தாழ்வான் குருவின் காவி உடையைத் தாம் உடுத்திக்கொண்டார். அவருக்குப் பதிலாக அரசவைக்குப் போனார். வயது முதிர்ந்த பெரிய நம்பியும் உடன் போனார்.

இருவரும் கையெழுத்துப் போட மறுத்தார்கள். இருவரும் கண்களை இழந்தார்கள். பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே உயிர் நீத்தார்.

எந்தத் தெய்வத்தைக் கும்பிடுவது என்பது மனம் சொல்லவேண்டிய சங்கதி. வாள் முனையில் எழுதி வாங்குகிற சங்கதி அல்ல. கட்டளை இடுகிறவர் எந்தச் சமயத்தவர் ஆனாலும் இது பொதுவான நியாயம்.

திருக்குலத்தார்

இராமானுஜர் வெள்ளை உடையில் மேற்கே கர்நாடக நாட்டுக்குப் போனார். அங்கே ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் அவரை ஆதரித்தான். மேல்கோட்டையில் திருநாராயணப் பெருமாள் கோயிலை அவர் சீரமைத்தார்.

அந்தப் பணியில் அவருக்குத் துணை நின்றவர்கள், ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்கள். உற்சவர் திருவுருவத்தைக் காத்துக் கொண்டுவர அவர்களே உதவினார்கள் என்பது மரபு. இராமானுஜர் அவர்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயர் வைத்தார். திருமகளின் குலம் என்று பொருள். ஆண்டில் சில நாள் அவர்கள் கோயிலுக்குள் சென்று வழிபடும் உரிமையையும் ஏற்படுத்தினார்.

சில நாள்தானா என்று இன்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஒரு நாள் கூட இல்லாத காலத்தில் அவர் திறந்த கதவு அது. மீதி நாட்களையும் திறப்பது பின்னால் வந்தவர்களின் கடமை.

பின்னால் வந்தவர்கள் அதைச் செய்ய 800 ஆண்டுகள் ஆயின. 1936-இல் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வழக்கறிஞர் வைத்தியநாதய்யர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். வைதிகர்களின் எதிர்ப்பை அவர் பொருட்படுத்தவில்லை. 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அதன் பிறகுதான் எல்லாக் கோயில்களும் எல்லோருக்கும் சட்டப்படி திறந்தன.

இன்றும் கேட்கும் குரல்

இராமானுஜர் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பினார். பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரைக்கு ஸ்ரீபாஷ்யம் என்று பெயர். அதோடு சேர்த்து ஒன்பது நூல்கள் எழுதினார். மரபுக் கணக்குப்படி 120 ஆண்டுகள் வாழ்ந்து, 1137-இல் மறைந்தார். 2017-இல் அவருடைய ஆயிரமாவது ஆண்டு விழா நாடெங்கும் நடந்தது. 2022-இல் ஐதராபாத் அருகே 216 அடி உயரத்தில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது.

சிலை உயரமானது. ஆனால் திருக்கோஷ்டியூர்க் கோயிலில் அவர் ஏறி நின்ற இடம் அதைவிட உயரம்.

இன்றும் சமயத்தின் பெயரால் கட்டளை இடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாச் சமயங்களிலும் இருக்கிறார்கள். அந்த வீட்டில் தண்ணீர் குடிக்காதே என்பார்கள். அவன் பிணத்தைத் தொடாதே என்பார்கள். அந்தப் பெண்ணைத் தள்ளி வை என்பார்கள். பெரியவர் சொல்லிவிட்டார், தட்டினால் பாவம் என்று பயமுறுத்துவார்கள்.

அப்போது ஒரு கேள்வி போதும். இந்தக் கட்டளையால் யாருக்கு நன்மை? யாருக்குத் துன்பம்? நன்மை தருவதானால் தலைவணங்கலாம். ஒருவரை வாட்டுவதானால், பணிவோடு மறுக்கலாம். அதற்கு வரும் துன்பத்தைத் தம் தலையில் ஏற்கும் துணிவு மட்டும் வேண்டும்.

திருநீர்மலையில் இன்று ஆழ்வாரைத் தடுத்த வெள்ளம் இல்லை. படிகளில் குழந்தைகள் ஓடி ஏறுகிறார்கள். பாட்டிமார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறுகிறார்கள். நீ எந்தக் குலம், எந்தத் தெரு என்று படியில் யாரும் நிறுத்திக் கேட்க முடியாது. அந்தப் பாதையைத் திறக்க, ஒருவர் நரகத்துக்கே போகச் சம்மதித்தார் என்பதை ஏறுகிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.